வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் ஒரு விளையாட்டு சர்வர்

பண்ருட்டியில் வசிக்கும் ஓர் ஒன்பதாம் வகுப்பு மாணவர், அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில் லுவான்டி என்ற விளையாட்டை நிறுவி, அதிலேயே சர்வரையும் தொடங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டில் தம்பி வைத்திருக்கும் கைபேசியில் இருந்து விளையாட்டுக்குள் நுழைய முடிகிறது. ஆனால் நெய்வேலி நகரியத்தில் இருக்கும் வகுப்புத் தோழருக்கு, கணினி காட்டிய 192.168 என்று தொடங்கும் எண்ணை அனுப்பினால் அவரால் நுழைய முடியவில்லை. மறுநாள் காலை, "ஏன் சார் வரலை?" என்று நம்மிடம் வந்து நிற்கிறார்.

"விளையாட்டை விட்டுப் பாடத்தைப் படி" என்று அனுப்பிவிட்டால், மாணவர் நேரே யூடியூபுக்குப் போவார். அங்கே ஒரு பத்து நிமிடக் காணொலி, ரௌட்டரில் 'டி.எம்.இசட்.' என்பதை இயக்கு, கணினியின் ஃபயர்வாலை அணைத்துவிடு, வேலை முடிந்தது என்று சொல்லும். அதைச் செய்தால் நண்பர் உள்ளே வரவும் கூடும். அவரோடு சேர்ந்து வேறு யாரெல்லாம் வரலாம் என்பதைக் காணொலி சொல்லாது. அந்த ரௌட்டரில்தான் அப்பாவின் வங்கிச் செயலி உள்ள கைபேசியும், அக்காவின் கல்லூரிச் சான்றிதழ்கள் உள்ள கணினியும், சில வீடுகளில் வாசலில் மாட்டிய கண்காணிப்புக் கேமராவும் இணைந்திருக்கின்றன.

அந்தக் கேள்விக்கு முழுப் பதிலைத் தெரிந்துகொள்வது கணினி ஆசிரியருக்கு மட்டும் உரிய வேலை அல்ல. எந்தப் பாட ஆசிரியரும் சொல்லித் தரக்கூடிய அளவில்தான் அது இருக்கிறது.

முதலில் விளையாட்டைப் பற்றி

லுவான்டி ஒரு கட்டற்ற மென்பொருள். 2010-இல் பின்லாந்தைச் சேர்ந்த ஒரு நிரலாளர் தொடங்கியது. 2024 அக்டோபர் வரை அதன் பெயர் மைன்டெஸ்ட். லுவா என்ற நிரல்மொழியின் பெயரையும், படைப்பைக் குறிக்கும் 'லுவொன்டி' என்ற பின்னிஷ் சொல்லையும் சேர்த்துப் புதுப்பெயர் வைத்தார்கள். மண், கல், நீர், மரம் எல்லாம் கனசதுரக் கட்டிகள். தோண்டலாம், அடுக்கலாம். விலை கொடுத்து வாங்கும் மைன்கிராஃப்ட் விளையாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பழைய கணினியிலும் ஓடும், ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஓடும் என்பது நம் மாணவர்களுக்கு வசதி. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. பெற்றோர் கேட்டால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பாடத்துக்கும் இது உதவும். நெய்வேலிச் சுரங்கத்தின் குறுக்குவெட்டை இதில் கட்டிப் பார்க்கலாம். மேலே அகற்ற வேண்டிய மண்ணும் மணற்கல்லும், அதன் கீழ் பழுப்பு நிலக்கரிப் படலம், அதற்கும் கீழ் அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீர். அந்த நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும் என்பதைப் படத்தில் காட்டுவதைவிட, மாணவர்கள் நால்வர் சேர்ந்து கட்டும்போது நன்றாகப் புரிகிறது. நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே உலகில் கட்ட வேண்டும் என்றால் ஒரு சர்வர் தேவை. பாடநூல் அதைச் சேவையகம் என்கிறது. பேச்சில் எல்லோரும் சர்வர் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

ஏன் நுழைய முடியவில்லை?

ஒரு பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியுலகுக்கு அந்தப் பள்ளிக்கு ஒரே முகவரிதான். உள்ளே 'ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு', 'வேதியியல் ஆய்வகம்' என்று பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. உறையின் மேல் 'ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு' என்று மட்டும் எழுதித் தபால்பெட்டியில் போட்டால் கடிதம் எங்கும் போய்ச் சேராது. 192.168 என்று தொடங்கும் எண் அப்படிப்பட்ட உள்பெயர். 192.168, 10 ஆகியவற்றில் தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவையும் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டுமே செல்லும் என்பது 1996-இல் எழுதப்பட்ட விதி. வெளி இணையத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

வெளியுலகுக்கான முகவரி ரௌட்டரிடம் இருக்கிறது. ரௌட்டர் பள்ளி அலுவலக உதவியாளர் செய்யும் வேலையைச் செய்கிறது. உள்ளிருந்து யாராவது வெளியே கடிதம் அனுப்பினால், யார் அனுப்பினார் என்று ஏட்டில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்தால் ஏட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. நாம் இணையப் பக்கம் பார்ப்பதும் காணொலி பார்ப்பதும் இப்படித்தான் நடக்கிறது. யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒருவர் வந்தால் ஏட்டில் அவருக்கு இடமில்லை. உதவியாளர் அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். மாணவரின் நண்பருக்குச் சரியான வெளிமுகவரியைக் கொடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

'போர்ட் ஃபார்வர்டிங்' என்பது அந்த உதவியாளருக்கு நாம் கொடுக்கும் நிலையான உத்தரவு. 'யாராவது 30000 என்ற வாயில் எண்ணைக் கேட்டு வந்தால், ஏட்டைப் பார்க்க வேண்டாம், நேராக இந்தக் கணினிக்கு அனுப்பு.' லுவான்டியின் வழக்கமான போர்ட் எண் 30000, அது யு.டி.பி. வகை. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கு 25565, டி.சி.பி. வகை. எண்ணும் வகையும் இரண்டுமே பொருந்தினால்தான் வழி திறக்கும். பல மாணவர்கள் மாலை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொள்வது டி.சி.பி.யைத் திறந்துவைத்து யு.டி.பி.க்குக் காத்திருப்பதால்தான்.

காணொலி சொன்ன 'டி.எம்.இசட்.' உத்தரவு வேறு மாதிரி. எந்த வாயிலைக் கேட்டு யார் வந்தாலும் அந்த ஒரு கணினிக்கே அனுப்பு என்பது அதன் பொருள். ஃபயர்வாலும் அணைக்கப்பட்டிருந்தால் அந்த மடிக்கணினி நடுத்தெருவில் நிற்கிறது.

நம் வீட்டை யார் தேடி வரப்போகிறார்கள்?

மாணவரும் பெற்றோரும் தவறாமல் கேட்பது இது. பண்ருட்டியில் ஒரு சந்தில் இருக்கும் வீட்டை யார் குறிவைப்பார்கள்? குறிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. 2013-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'இசட்மேப்' என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினியும் ஒரு ஜிகாபிட் இணைப்பும் இருந்தால், அத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட வாயில் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று காட்டினார்கள். ஆய்வாளரிடம் உள்ள கருவி திருடரிடமும் இருக்கும். திறந்த கதவைத் தேடுகிற இயந்திரம் பண்ருட்டி எது, பாஸ்டன் எது என்று பார்ப்பதில்லை.

2016-இல் 'மிராய்' என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது. கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் 60-க்கும் மேல் அதனிடம் பட்டியலாக இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நுழைந்து, இலட்சக்கணக்கான கருவிகளைத் தன் படையாகச் சேர்த்தது. அந்தப் படை ஒரே நேரத்தில் ஒரு முகவரியை நோக்கிப் பாய்ந்தால் அந்த முகவரி திணறி நின்றுவிடும். அதன் நிரல் வெளியே பரவியபின், அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. இதை முதலில் எழுதியவர்கள் ஏதோ ஒரு நாட்டின் உளவுத்துறை என்று பலர் நினைத்தார்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் சர்வர்களை நடத்துவதில் இருந்த வணிகப் போட்டிதான் அவர்களை இதில் இழுத்துவிட்டது. விளையாட்டு சர்வர் உலகம் எவ்வளவு முரட்டுத்தனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் நடந்தது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை மோடம்கள் பல தீநிரலால் செயலிழந்தன. அடிபட்டவை தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவை. கடவுச்சொல்லை உடனே மாற்றும்படி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இன்னொன்று 2021 டிசம்பரில். ஜாவா நிரல்கள் பலவற்றில் பயன்படும் 'லாக்ஃபோர்ஜே' என்ற பதிவேட்டு நிரல்தொகுப்பில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. மைன்கிராஃப்ட் அரட்டைப் பெட்டியில் ஒரு குறிப்பிட்ட வரியைத் தட்டச்சு செய்தாலே சர்வர் கணினியில் வெளியாள் தன் நிரலை ஓட்ட முடிந்தது. கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இங்கே பயனில்லை. உடனடியாகத் திருத்தப் பதிப்பு வந்தது. அதை நிறுவியவர்கள் தப்பினார்கள். லுவான்டி ஜாவாவில் எழுதப்பட்டது அல்ல என்பதால் இந்த ஓட்டை அதற்கு இல்லை. ஆனால் எந்த மென்பொருளிலும் நாளை ஓர் ஓட்டை வெளிப்படலாம். அப்போது வாயில் யாருக்குத் திறந்திருந்தது என்பதுதான் விளைவை முடிவு செய்யும்.

கதவைத் திறக்காமலே

நால்வர் விளையாடுவதற்கு உலகம் முழுவதற்கும் கதவைத் திறக்க வேண்டியதில்லை. என் பரிந்துரை எப்போதும் இதுதான்.

எளிய வழி, சனிக்கிழமை எல்லோரும் ஒரு வீட்டில் கூடி ஒரே வைஃபையில் ஆடுவது. ரௌட்டரில் எதையும் தொட வேண்டாம். பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பார். முறுக்கும் கிடைக்கும்.

அவரவர் வீட்டில் இருந்தே ஆட வேண்டுமானால் தனியார் மெய்நிகர் வலையமைப்பு, அதாவது வி.பி.என். இருக்கிறது. டெயில்ஸ்கேல், சீரோடயர் ஆகியவை பரவலாகப் பயன்படுபவை, சிறு குழுவுக்குக் கட்டணம் இல்லை. நால்வரின் கருவியிலும் இதை நிறுவினால், அவை நான்கும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் தமக்குள் ஓர் உள்முகவரி பெற்றுவிடும். இடையில் செல்லும் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே செல்லும் இணைப்பாகவே தொடங்குவதால், அலுவலக உதவியாளரின் ஏட்டில் இரண்டுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. ரௌட்டரில் போர்ட் எதையும் திறக்க வேண்டாம். கணக்கைப் பெற்றோர் பெயரில் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு கவனம் மட்டும் வேண்டும். இந்த வலையமைப்புக்குள் வந்த நண்பர் அந்தக் கணினியின் எல்லா வாயிலையும் தட்ட முடியும். ஆகவே கணினியின் ஃபயர்வால் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும், 30000 யு.டி.பி. மட்டும் அதில் அனுமதிக்கப்பட வேண்டும்.

பல வீடுகளில் இதைத் தவிர வேறு வழியும் இருக்காது. 2011 ஏப்ரலிலேயே ஆசிய பசிபிக் பகுதிக்கான பழைய முறை முகவரிகளின் இருப்பு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் பல, ஒரே பொதுமுகவரியின் பின்னால் நிறைய வீடுகளை வைக்கின்றன. நம் ரௌட்டருக்கு வெளியே நிறுவனத்திடம் இன்னொரு பெரிய ரௌட்டர் நிற்கிறது. அதற்கு உத்தரவு கொடுக்க நம்மால் முடியாது. கண்டுபிடிப்பது எளிது. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் 'வேன்' முகவரி என்று ஓர் எண் இருக்கும். இணையத்தில் 'என் ஐ.பி. என்ன' என்று தேடினால் ஓர் எண் வரும். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால், குறிப்பாக முதலாவது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் மாணவர் ஒவ்வொரு பாதுகாப்பாக அணைத்துக்கொண்டே போவார். கடைசியில் நண்பரும் வரமாட்டார், பாதுகாப்பும் இருக்காது.

சர்வர் வைத்திருப்பவருக்குத்தான் இந்தச் சிக்கல். விருந்தாளியாக வருபவர் மொபைல் டேட்டாவில் இருந்தாலும் தடையில்லை.

திறந்தே ஆக வேண்டுமானால்

பொதுமுகவரி இருக்கிறது, வீட்டில் ஒப்புதலும் இருக்கிறது, மாணவர் கற்றுக்கொள்ளவே விரும்புகிறார் என்றால் செய்யலாம். ஆனால் வேலையை ரௌட்டரில் இருந்து தொடங்க வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல்லை நீளமானதாக மாற்றி, அம்மாவோ அப்பாவோ வைத்திருக்கும் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். ரௌட்டர் நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து திறக்காதபடி தொலைநிர்வாகத்தை அணைக்க வேண்டும். 'யு.பி.என்.பி.' என்று ஒன்று இருக்கும். வீட்டுக்குள் உள்ள எந்த நிரலும் நம்மைக் கேட்காமலே வாயிலைத் திறந்துகொள்ள அது அனுமதி தருகிறது. அதையும் அணைத்துவிடலாம். ரௌட்டருக்குப் புதிய ஃபர்ம்வேர் வந்திருந்தால் நிறுவ வேண்டும்.

சர்வருக்கு, வீட்டில் வேறு எதற்கும் பயன்படாத பழைய மடிக்கணினியே சிறந்தது. குடும்பப் படங்கள், வங்கி ஆவணங்கள், சேமித்த கடவுச்சொற்கள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோயிருந்தால், இப்போதும் திருத்தம் பெறும் ஒரு லினக்ஸ் பதிப்பை நிறுவலாம். விளையாட்டை நிர்வாகி கணக்கில் ஓட்டாமல், அதற்கென்று உரிமை குறைந்த தனிப் பயனரை உருவாக்கி ஓட்ட வேண்டும். ஓட்டை வழியாக ஒருவர் நுழைந்தாலும் அந்தப் பயனருக்கு உள்ள உரிமை மட்டுமே அவருக்குக் கிடைக்கும். ரௌட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் இந்தக் கணினியை அதில் சேர்ப்பது இன்னும் நல்லது, வீட்டின் மற்றக் கருவிகளோடு அதற்குப் பேச்சு இருக்காது. சில ரௌட்டர்கள் விருந்தினர் வைஃபைக்குப் போர்ட் ஃபார்வர்டிங் தருவதில்லை என்பது உண்மை.

பிறகு ரௌட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான உள்முகவரியை ஒதுக்கி, ஒரே ஒரு எண்ணுக்கு, யு.டி.பி. வகைக்கு மட்டும் ஃபார்வர்டிங் விதி எழுத வேண்டும். ஆடும் நேரத்தில் இயக்கி, முடிந்ததும் விதியை அணைக்கலாம்.

புதிய முறை முகவரியான ஐ.பி. பதிப்பு 6 கிடைக்கும் வீடுகளில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் உலகம் அறிந்த முகவரியே கிடைக்கிறது. ஏடு வைத்துத் திருப்பி அனுப்பும் உதவியாளர் அங்கே இல்லை, ரௌட்டரின் ஃபயர்வால் ஒன்றுதான் காவல். அதை முழுதாக அணைக்கச் சொல்லும் காணொலிகளைக் கேட்டால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் வெளியே தெரியும். அந்த ஒரு கணினிக்கு அந்த ஒரு போர்ட்டை மட்டும் அனுமதிக்க ஃபயர்வாலில் இடம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

கட்டிய உலகம் ஒரு கோப்புறைதான். வாரம் ஒருமுறை அதைப் பென்டிரைவில் நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்து மின்வெட்டு, சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் வரும்.

உள்ளே வந்தவர்கள்

இதுவரை சொன்னது இயந்திரங்களைப் பற்றி. மனிதர்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். லுவான்டியில் சர்வரைப் பொதுப்பட்டியலில் அறிவிப்பதா என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அறிவித்தால் உலகில் யாரும் அதைப் பார்த்து நுழையலாம், அரட்டையில் பேசலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் சர்வர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வெற்றுக் கடவுச்சொல்லை மறுக்கும் அமைப்பை இயக்கி, அனுமதித்த பெயர்கள் மட்டும் நுழையும்படி பட்டியல் வைக்கலாம். மைன்கிராஃப்டில் இந்த அனுமதிப் பட்டியல் உடன் வருகிறது, லுவான்டியில் கூடுதல் நிரலாகச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும் கூடுதல் நிரல்களை விளையாட்டின் அதிகாரபூர்வத் தொகுப்பில் இருந்தே எடுக்க வேண்டும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பில் இருந்து வேண்டாம்.

விளையாட்டுப் பெயரில் ஊர், பள்ளி, பிறந்த ஆண்டு எதுவும் வேண்டாம். மின்னஞ்சலுக்கு வைத்த கடவுச்சொல்லை நண்பரின் சர்வரில் போட வேண்டாம். நிர்வாகி உரிமையை ஒருவர், மிஞ்சினால் இருவர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். மாணவர்களுக்குள் சண்டை பெரும்பாலும் இந்த உரிமையை ஒட்டியே வருகிறது. ஒருவர் கட்டியதை இன்னொருவர் இரவில் இடித்துவிட்டு மறுநாள் வகுப்பில் கோபத்தோடு உட்கார்ந்திருப்பார். நமக்குக் காரணம் தெரியாது.

தெரியாத ஒருவர் அரட்டையில் படம் கேட்டாலோ, மிரட்டினாலோ, சர்வரை நிறுத்துவதோடு விடாமல் பதிவுக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். யார் எந்த நேரத்தில் எந்த முகவரியில் இருந்து வந்தார் என்பது அதில் இருக்கும். இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098, நம் துறையின் உதவி மையம் 14417. இவற்றை விளையாட்டைப் பற்றிப் பேசும்போதே கரும்பலகையில் எழுதிவிடுவது நல்லது. மிரட்டலுக்கு ஆளான பிள்ளை, திட்டு வாங்குவோம் என்ற பயத்தில்தான் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

வகுப்பறையில்

பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வக வலையமைப்பில் இவை எதையும் முயன்று பார்க்க வேண்டாம். அங்குள்ள அமைப்புகளை மாற்றும் பொறுப்பு நம்முடையது அல்ல. வகுப்பறைக்குத் தாளும் பென்சிலும் போதும். ஒவ்வொரு மாணவரும் வீட்டில் ரௌட்டரோடு இணைந்திருக்கும் கருவிகளை எண்ணி, நடுவில் ரௌட்டரை வைத்துப் படம் வரையட்டும். ரௌட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அம்மாவின் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போடுவதை வரையலாம், அங்கும் கைபேசியே ரௌட்டர். பிறகு ஒருவர் உதவியாளராக ஏட்டோடு வாசலில் நிற்க, மற்றவர்கள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சீட்டு அனுப்பி நடித்துக் காட்டலாம். ஆறாம் வகுப்புக்கும் இது புரியும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலையமைப்புப் பாடங்களை நடத்துபவர்கள், அதே நடிப்பில் போர்ட் எண்ணையும் டி.என்.எஸ். பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

படம் வரைந்த தாளை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். அதன் பின்பக்கத்தில் மூன்று கேள்விகள். ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கடைசியாக மாற்றியது எப்போது? அது யாருக்குத் தெரியும்? ஃபார்வர்டிங் பக்கத்தில் ஏற்கெனவே ஏதாவது விதி இருக்கிறதா? மூன்றாவதற்கு 'ஆம்' என்று சில தாள்கள் திரும்பி வரலாம். கேமரா மாட்ட வந்தவர் திறந்துவிட்டுப் போன வாயிலாகவும் அது இருக்கலாம்.